எம்எம்ஏ வீரர்கள் தினமும் அடித்துக்கொண்டா பயிற்சி எடுக்கிறார்கள்?

எம்எம்ஏ பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு விதமான ஆட்களைப் பார்க்கலாம். ஒருவர், "அது என்னங்க, கூண்டுக்குள்ள விட்டுக் கண்டபடி அடிச்சுக்கிறது" என்பார். இன்னொருவர் நாலு வீடியோ பார்த்துவிட்டு, டயரைப் புரட்டுவது, கனமான கயிற்றை ஆட்டுவது, வயிற்றில் பந்தால் அடி வாங்குவது, இவைதான் அவர்களின் பயிற்சி என்று நம்பிக்கொண்டிருப்பார். வீடியோ எடுக்கிறவர்களுக்கு டயர் பிடிக்கும், அவ்வளவுதான். ஒரு வீரரின் நாட்களில் பெரும்பகுதி பார்க்கச் சலிப்பூட்டும் ஒரு வேலையில்தான் போகிறது: ஒரு கலையிலிருந்து இன்னொரு கலைக்கு மாறும் அந்த அரை விநாடியைத் திரும்பத் திரும்பப் பழகுவது, அதையும் மூளையும் மூட்டுகளும் தாங்குகிற அளவுக்குள் பழகுவது. ஒரு சண்டைகூடப் பார்த்திராதவர்களுக்கும் புரியும்படி அடியிலிருந்து வருகிறேன்.

## முதலில், இது என்ன விளையாட்டு

எம்எம்ஏ என்பது மிக்ஸட் மார்ஷியல் ஆர்ட்ஸ் என்பதன் சுருக்கம். நின்றபடி குத்தலாம், உதைக்கலாம், முழங்காலாலும் முழங்கையாலும் தாக்கலாம், எதிராளியைப் பிடித்துக் கீழே தள்ளலாம், தள்ளிய பிறகும் சண்டை நிற்காது. கழுத்தை நெரித்தோ மூட்டை மடக்கியோ "போதும்" என்று சொல்ல வைப்பதற்கு சப்மிஷன் என்று பெயர். தோற்பவர் கையால் இரண்டு மூன்று முறை தட்டினால் நடுவர் உடனே நிறுத்திவிடுவார்.

இன்று எம்எம்ஏ-வின் மிகப் பெரிய அமைப்பு யுஎஃப்சி. 1993 நவம்பரில் அமெரிக்காவின் டென்வர் நகரில் நடந்த அதன் முதல் போட்டியில் எடைப் பிரிவே கிடையாது. குத்துச்சண்டை, கராத்தே, சுமோ, கிக்பாக்ஸிங் என்று வெவ்வேறு பின்னணியில் இருந்து எட்டுப் பேரை இறக்கி, எந்தக் கலை பெரிது என்று பார்ப்பதுதான் யோசனை. ஏறத்தாழ 80 கிலோ இருந்த ராய்ஸ் கிரேசி என்ற பிரேசில்காரர், தரைச் சண்டைக் கலையான ஜியு-ஜிட்சுவை வைத்து ஒரே இரவில் மூன்று பேரைத் தோற்கடித்தார். அவர்களில் பலருக்குக் கீழே விழுந்த பிறகு என்ன செய்வதென்றே தெரியவில்லை. கடிப்பதும் கண்ணைத் தோண்டுவதும் அன்றைக்கே தடைதான் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் "விதியே இல்லாத சண்டை" என்ற பெயர் அப்போது விளம்பரத்துக்காக ஒட்டியது, இன்னும் முழுதாக உரியவில்லை.

2000-இல் நியூ ஜெர்சி மாநிலத்தில் உருவான பொது விதிகள்தான் இன்று பெரும்பாலான இடங்களில் நடைமுறையில் இருக்கின்றன. ஐந்து நிமிட ரவுண்டுகள் மூன்று, பட்டத்துக்கான சண்டை என்றால் ஐந்து, நடுவில் ஒரு நிமிட ஓய்வு. பின்தலையில் அடிக்கக்கூடாது, தொண்டையில் அடிக்கக்கூடாது, தரையில் இருப்பவரின் தலையை உதைக்கக்கூடாது என்று தடைகளின் பட்டியல் நீளமானது. எடைப் பிரிவு உண்டு, மருத்துவப் பரிசோதனை உண்டு.

## கலவை எங்கே நடக்கிறது

"கொஞ்சம் குத்துச்சண்டை, கொஞ்சம் மல்யுத்தம், கொஞ்சம் ஜியு-ஜிட்சு கற்றுக்கொண்டால் எம்எம்ஏ வந்துவிடும்" என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். புதிதாகச் சேருகிறவர்களும் அப்படித்தான் வருவார்கள்.

பரீட்சையை நினைத்துக்கொள்ளுங்கள். கணக்குக்குத் தனித்தாள், வரலாற்றுக்குத் தனித்தாள் என்றால் ஒவ்வொன்றாகப் படித்துவிடலாம். ஒரே கேள்வி கணக்கில் தொடங்கிப் பாதியில் வரலாறாகி வேதியியலில் முடிந்தால்? எந்த இடத்தில் பாடம் மாறும் என்பதை உங்கள் எதிரே உட்கார்ந்திருப்பவர் தீர்மானித்தால்? மூன்று பாடத்திலும் நல்ல மதிப்பெண் வாங்கியவர்கூட அந்தத் தாளில் திணறுவார்.

கூண்டுக்குள் நடப்பது அதுதான். குத்துச்சண்டைக்காரர் பக்கவாட்டில் திரும்பி, முன்காலில் எடையை வைத்து நிற்பார். கையால் மட்டுமே அடிபடும் விளையாட்டில் அது அருமையான நிற்கும் முறை. இங்கே அந்த முன்கால்தான் முதல் இலக்கு, தொடையிலும் கெண்டைக்காலிலும் நாலு உதை விழுந்தால் கால் மரத்துப்போகும். முவாய் தாய் என்ற தாய்லாந்து உதைச்சண்டை பழகியவர் உதைப்பதற்கு வசதியாக நிமிர்ந்து, எடையைப் பின்னால் வைத்து நிற்பார், அவரைக் காலோடு சேர்த்து வாரிவிடுவது எளிது. மல்யுத்த வீரர் குனிந்து நிற்பார், அவர் முகத்துக்கு நேராக முழங்கால் வரும். ஜியு-ஜிட்சுவில் மல்லாந்து படுத்து, எதிராளியைக் கால்களுக்கு நடுவே பூட்டி வைப்பது ஒரு பாதுகாப்பான நிலை. அதன் பெயரே கார்டு. எம்எம்ஏ-வில் அங்கே படுத்திருந்தால் மேலே இருப்பவரின் முழங்கை உங்கள் நெற்றியைக் கிழிக்கும்.

கையுறையும் கணக்கை மாற்றுகிறது. குத்துச்சண்டைப் போட்டியில் 8 அல்லது 10 அவுன்ஸ் கையுறை, முகத்துக்கு முன் இரண்டையும் தூக்கிப் பிடித்தால் ஒரு சுவர் மாதிரி மறைக்கும். எம்எம்ஏ கையுறை சுமார் 4 அவுன்ஸ், விரல்கள் வெளியே தெரியும். அதைத் தூக்கிப் பிடித்தாலும் இடுக்கு வழியே குத்து உள்ளே வரும்.

ஆக, ஒவ்வொரு கலையிலும் சரியென்று கற்பித்த ஒரு பழக்கம் மற்றொன்றில் ஓட்டையாகிறது. அந்த ஓட்டைகளை அடைப்பதும் எதிராளியின் ஓட்டைக்குள் நுழைவதும்தான் இங்கே "கலவை". ஒரு எளிய உதாரணம்: முகத்தை நோக்கி இரண்டு முறை நேர்க்குத்து விட்டால் எதிராளியின் கைகள் மேலே போகும். கைகள் மேலே போனால் இடுப்பு காலியாகும், உடனே குனிந்து இரண்டு கால்களையும் வாரிக் கீழே தள்ளலாம். இப்படித் தள்ளுவதற்கு டேக்டவுன் என்று பெயர். அடுத்த ரவுண்டில் அதே போலக் குனிகிற மாதிரி பாவனை செய்தால் போதும், பயந்து கையைக் கீழே இறக்குவார், அப்போது குத்து தலைக்கு மேலாக வளைந்து வந்து விழும். குத்து டேக்டவுனுக்கு வழி திறக்கிறது, டேக்டவுன் பயம் குத்துக்கு வழி திறக்கிறது.

## பயிற்சி அறைக்குள்

டிரில் என்பது எதிர்ப்பே இல்லாமல், ஒத்துழைக்கும் ஒரு கூட்டாளியோடு ஒரே அசைவை நிறைய முறை செய்வது. உடம்புக்கு வழி பழக்க இது வேண்டும், ஆனால் இதிலேயே நின்றுவிட்டால் உபயோகம் குறைவு, ஏனென்றால் எதிராளி ஒத்துழைக்கமாட்டார். மறு கோடியில் இருப்பது ஸ்பாரிங், அதாவது கையுறை, பல்காப்பு எல்லாம் போட்டு நிஜச் சண்டை போலவே மோதுவது. அது எவ்வளவு வேண்டும் என்பதற்கு அப்புறம் வருகிறேன்.

உண்மையான வேலை இரண்டுக்கும் நடுவில் நடக்கிறது. சூழ்நிலைப் பயிற்சி என்று சொல்லலாம். கோச் ஒரு கெட்ட நிலைமையைத் தேர்ந்தெடுப்பார்: நீங்கள் கூண்டின் கம்பிவலையில் முதுகு சாய்ந்து உட்கார்ந்திருக்கிறீர்கள், எதிராளி உங்கள் இரண்டு கால்களையும் கட்டிப் பிடித்திருக்கிறார். நேரம் இரண்டு நிமிடம். உங்கள் வேலை எழுந்து நிற்பது, அவர் வேலை எழ விடாமல் இருப்பது. எழுந்துவிட்டால் மறுபடி உட்கார், முதலிலிருந்து. இருவரும் முழு மனதோடு எதிர்க்கலாம், ஆனால் தலையில் அடி கிடையாது, அல்லது தொடுகிற அளவுக்குத்தான். முழுச் சண்டையில் அந்த நிலைமை ஒரு இரவில் ஒருமுறை வந்தாலே அதிகம். இங்கே அரை மணி நேரத்தில் இருபது முறை வரும். பரீட்சையில் எந்த இடத்தில் பாடம் மாறுகிறதோ அந்த வரியை மட்டும் வெட்டியெடுத்துத் திரும்பத் திரும்ப எழுதிப் பார்ப்பது இது.

இதில் உடம்பைவிடக் கண்ணும் தொடு உணர்வும்தான் அதிகம் தேறுகின்றன. எதிராளியின் தலை உங்கள் எந்தப் பக்கம் இருக்கிறது, அவர் கைகள் கோத்திருக்கின்றனவா பிரிந்திருக்கின்றனவா, எடை முன்னால் சாய்கிறதா என்பதெல்லாம் யோசிக்காமலே தெரிய ஆரம்பிக்கும். நல்ல வீரர்கள் வேகமானவர்கள் போலத் தெரிவதற்கு ஒரு பெரிய காரணம் அவர்கள் முன்கூட்டியே புறப்பட்டுவிடுவது.

ரஷ்யாவின் தாகெஸ்தான் பகுதியிலிருந்து வந்த முன்னாள் யுஎஃப்சி சாம்பியன் கபீப் நூர்மகமதோவ் சின்ன வயதில் கரடிக்குட்டியோடு மல்லுக்கட்டும் வீடியோவை நிறையப் பேர் பார்த்திருப்பார்கள், அதுதான் தாகெஸ்தான் பயிற்சியின் ரகசியம் என்று கதை கட்டியும் விட்டார்கள். கரடி பாவம், அதற்கு இதில் பெரிய பங்கில்லை. அவர் தந்தை அப்துல்மனாப் பயிற்சியாளர், சுற்றிலும் மல்யுத்தமும் சாம்போ என்ற ரஷ்யப் பிடிச்சண்டையும் பழகும் பையன்கள், அவர்களோடு வருடக்கணக்கில் நடந்த பிடிச்சண்டைதான் பின்னணி. 29 சண்டை, 29 வெற்றி என்று 2020-இல் அவர் விலகினார். அந்தச் சண்டைகளைத் திரும்பப் பார்த்தால், எதிராளியைக் கூண்டின் ஓரம் கொண்டுபோய் ஒரு காலைப் பூட்டி, கையைச் சிறைப்படுத்தி, எழுந்திருக்க முயலும் ஒவ்வொரு வழியையும் அடைப்பது தெரியும். இது சூழ்நிலைப் பயிற்சியில் விளையும் திறமை.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: எம்எம்ஏ பல கலைகளின் கூட்டல் மட்டும் இல்லை, மாறுமிடங்களின் விளையாட்டு. அந்த இடங்களை வெட்டியெடுத்து, எதிர்ப்போடு, தலைக்கு அடி இல்லாமல் பழகுவதுதான் பயிற்சியின் நடுப்பகுதி.

## அடி வாங்கிப் பழகலாமா

"அடி வாங்க வாங்க உடம்பு இறுகும்" என்பது இந்த விளையாட்டைச் சுற்றியுள்ள மிகப் பழைய நம்பிக்கை, மிக ஆபத்தானதும்கூட. எலும்புக்கு அது ஓரளவு பொருந்தும். கனமான பையை உதைத்துக்கொண்டே இருந்தால் முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு அந்தச் சுமைக்கு ஏற்ப மெல்ல அடர்த்தியாகும். அதற்கும் எல்லை உண்டு: 2013 டிசம்பரில் முன்னாள் யுஎஃப்சி சாம்பியன் ஆண்டர்சன் சில்வா விட்ட உதையைக் கிறிஸ் வைட்மன் காலைத் தூக்கித் தடுத்தபோது சில்வாவின் கால் எலும்பு முறிந்தது. 2021-இல் வேறொரு சண்டையில் வைட்மன் விட்ட முதல் உதையிலேயே அவர் கால் அதே மாதிரி முறிந்தது.

மூளைக்கு இது அறவே பொருந்தாது. ஒருவர் மயங்கி விழுவது எப்படி என்று பார்த்தால் காரணம் புரியும். தாடையில் குத்து விழும்போது மண்டை திடீரென்று திரும்புகிறது, உள்ளே மென்மையாக மிதக்கும் மூளை அதே வேகத்தில் திரும்புவதில்லை, பின்தங்கி, இழுபட்டு, முறுக்கப்படுகிறது. நரம்பு செல்களின் வேலை சில விநாடி குழம்பிப்போகிறது. தாடை நுனி கழுத்திலிருந்து தள்ளி இருப்பதால் அங்கே படும் அடி மண்டையை எளிதில் சுழற்றிவிடும். பார்க்காத குத்துதான் ஆளை வீழ்த்தும் என்று சண்டைக்காரர்கள் சொல்வதற்கும் இதுதான் காரணம், வரப்போவது தெரிந்தால் கழுத்து முன்கூட்டியே இறுகித் தலையைப் பிடித்துக்கொள்ளும். தசை மாதிரி மூளை அடி வாங்கிப் பலப்படுவதில்லை, சேதம் சேர்ந்துகொண்டே போகும். "அவருக்குத் தாடை போய்விட்டது" என்று மூத்த வீரர்களைப் பற்றிச் சொல்வார்களே, லேசான குத்துக்கே விழுந்துவிடுகிறார் என்று அர்த்தம், இத்தனை வருடம் சேர்ந்த அடிகளின் கணக்கு அது.

அதனால்தான் ஸ்பாரிங்கை அளந்து செய்கிறார்கள். முன்பு பல ஜிம்களில் வாரத்துக்கு மூன்று நாள் முழு வேகத்தில் மோதிக்கொண்டார்கள், இன்றும் சில இடங்களில் அப்படி உண்டு. பொதுவான போக்கு மாறிவிட்டது. 16 அவுன்ஸ் கையுறை, வாரத்தில் ஒன்றிரண்டு முறை, அதிலும் பெரும்பாலும் லேசாக, தொட்டுவிட்டு விலகும் அளவுக்கு. யுஎஃப்சி சாம்பியனாக இருந்த மேக்ஸ் ஹாலோவே உச்சத்தில் இருக்கும்போதே ஸ்பாரிங்கை நிறுத்திவிட்டதாகச் சொன்னவர். எல்லாரும் அவர் மாதிரி செய்ய முடியாது, புதிதாக வருகிறவருக்கு முகத்துக்கு நேரே வரும் கையைக் கண் சிமிட்டாமல் பார்க்கும் பழக்கம் வேண்டும், அதற்குக் கொஞ்சமாவது ஸ்பாரிங் தேவை. ஆனால் பொதுத்தேர்வை தினமும் எழுதி யாரும் பாஸாவதில்லை. என்னைக் கேட்டால், சேருகிற ஜிம் நல்லதா என்று அறிய ஒரே கேள்வி போதும்: முதல் மாதத்திலேயே புதியவரைத் தலையில் பலமாக அடிக்க விடுகிறார்களா? ஆமாம் என்றால் வேறு இடம் பாருங்கள்.

கழுத்து நெரிப்பு இதிலிருந்து வேறு. சரியாகப் பிடித்தால் மூச்சுக்குழாய்க்கு அதில் வேலையில்லை, கழுத்தின் இரு பக்கமும் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் அழுந்துகின்றன, பெரும்பாலும் 10 விநாடிக்குள் நினைவு போய்விடும். பயிற்சியில் முன்கூட்டியே தட்டி விடுபட்டுவிடலாம் என்பதால் தரைச் சண்டையை நிஜத்துக்கு மிக அருகில் பழக முடிகிறது, குத்தை அப்படிப் பழக முடியாது.

## மூச்சு எங்கே போகிறது

தசைகளில் மலைபோன்ற ஒருவர் இரண்டாவது ரவுண்டில் கை தூக்க முடியாமல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். உடம்பு சக்தி தயாரிக்க மூன்று வழிகள் வைத்திருக்கிறது. தசையிலேயே தயாராக இருக்கும் சேமிப்பு 10 விநாடி அளவுக்கு வெடிவேகம் தரும். அப்புறம் ஆக்சிஜன் போதாமலே சர்க்கரையை எரிக்கும் வழி, அது ஒன்றிரண்டு நிமிடம் தாங்கும், தசை எரியும். மூன்றாவது, ஆக்சிஜனை வைத்து மெதுவாக, நீண்ட நேரம் எரிப்பது.

சண்டை வெடிவேகம்தானே, முதல் இரண்டு வழிகளை வளர்த்தால் போதாதா என்று தோன்றும். சிக்கல் என்னவென்றால், முதல் சேமிப்பு தீர்ந்தபின் அதைத் திரும்ப நிரப்புவது மூன்றாவது வழிதான். ஒரு டேக்டவுன் முயற்சிக்கும் அடுத்ததுக்கும் நடுவே கிடைக்கும் 20 விநாடியிலும், ரவுண்டு இடைவெளியின் ஒரு நிமிடத்திலும் எவ்வளவு மீள்கிறீர்கள் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. அதை வளர்க்கும் வழி பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஓடக்கூடிய மெதுவான, நீண்ட ஓட்டமோ சைக்கிளோ. இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் அதிக ரத்தம் தள்ளப் பழகுகிறது. அதன் மேல்தான் ஐந்து நிமிட ரவுண்டுகளாகக் கடும் பயிற்சியைக் கட்டுகிறார்கள்.

2016 மார்ச்சில், அப்போது யுஎஃப்சி சாம்பியனாக இருந்த அயர்லாந்தின் கானர் மெக்ரெகர், 11 நாள் அவகாசத்தில் சண்டைக்கு ஒப்புக்கொண்ட நேட் டயஸிடம் இரண்டாவது ரவுண்டிலேயே தளர்ந்து, கழுத்து நெரிப்பில் தோற்றார். டயஸ் பல வருடமாக டிரையத்லான் போட்டிகளில் நீந்தியும் சைக்கிள் ஓட்டியும் ஓடியும் வந்தவர். அதே வருடம் ஆகஸ்டில் மறுபடி மோதியபோது மெக்ரெகர் தாங்குதிறன் பயிற்சியை மாற்றியமைத்துக்கொண்டு வந்து ஐந்து ரவுண்டும் நின்று புள்ளிகளில் ஜெயித்தார்.

## எடை குறைப்பு என்ற தனிச் சண்டை

70 கிலோ பிரிவில் சண்டை போடுகிறவர் சாதாரண நாளில் 80 கிலோவுக்கு மேல்கூட இருப்பதுண்டு. எடை பார்ப்பது சண்டைக்கு முந்தின நாள். அந்த ஒரு கணத்துக்கு மட்டும் எடையை இறக்கி, மறுநாளுக்குள் ஏற்றிக்கொள்வதற்கு வெயிட் கட் என்று பெயர். இதைக் கொழுப்புக் குறைப்பு என்று எடுத்துக்கொண்டு உடல் மெலிய ஆசைப்படுகிறவர்கள் அதே முறையைத் தேடுவது பெரிய தவறு. கொழுப்பை வாரக்கணக்கில் சாப்பாட்டை அளந்து குறைப்பார்கள், அது ஒரு பக்கம். கடைசி வாரத்தில் போவது பெரும்பாலும் தண்ணீர்.

தசையில் சேமித்த ஒவ்வொரு கிராம் மாவுச்சத்தும் ஏறத்தாழ 3 கிராம் நீரைக் கூடவே வைத்திருக்கும், அதனால் மாவுச்சத்தை நிறுத்தினால் நீரும் இறங்கும். உப்பைக் குறைப்பார்கள். முதலில் ஏராளமாகத் தண்ணீர் குடித்து உடம்பைக் கழிக்கப் பழக்கி, திடீரென்று குடிப்பதை நிறுத்துவார்கள், கழிப்பது கொஞ்ச நேரம் தொடரும். மிச்சத்தை வெந்நீர்த் தொட்டியிலும் சானா எனும் வெப்ப அறையிலும் வியர்த்து எடுப்பார்கள். ரத்தம் கெட்டியாகும், இதயம் திணறும், சிறுநீரகம் அடிபடும். கபீப்பே 2017 மார்ச்சில் எடை குறைக்கும்போது மருத்துவமனைக்குப் போய், பட்டச் சண்டை ரத்தானது. 2015 டிசம்பரில் 21 வயது சீன வீரர் ஒருவர் எடை குறைக்கும்போது இறந்துபோனார், அதன் பிறகு அவர் சண்டை போடவிருந்த ஒன் சாம்பியன்ஷிப் என்ற எம்எம்ஏ அமைப்பு நீரிழப்பால் எடை குறைப்பதைத் தடை செய்து, எடையோடு சேர்த்துச் சிறுநீரின் அடர்த்தியையும் சோதிக்கத் தொடங்கியது. மற்ற இடங்களில் இது இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. எதிராளி செய்கிறார், நான் செய்யாவிட்டால் என்னைவிடப் பெரிய ஆளோடு மோத வேண்டும் என்று இருவருமே நினைப்பதால் யாராலும் தனியாக விலக முடியவில்லை. எனக்கு இந்த விளையாட்டில் பிடிக்காத பகுதி இதுதான்.

## இரண்டு சண்டைகளுக்கு நடுவே

சண்டை உறுதியானதும் தொடங்கும் ஆறு முதல் பத்து வாரத் தயாரிப்புக்கு ஃபைட் கேம்ப் என்று பெயர். அதில்தான் வீரர் வளர்கிறார் என்று நினைக்கிறோம், விளம்பர வீடியோக்களும் அதைத்தான் காட்டும். உண்மையில் கேம்பில் புதிதாக எதையும் கற்க நேரமில்லை. குறிப்பிட்ட ஒரு எதிராளிக்காக, ஏற்கெனவே தெரிந்தவற்றில் எதைப் பயன்படுத்துவது என்று தீர்மானித்து அதைக் கூர்மையாக்குவார்கள். இடது கைக்காரரோடு சண்டை என்றால் பயிற்சிக் கூட்டாளிகளும் இடது கைக்காரர்கள். கடைசி ஒன்றிரண்டு வாரம் வேலையைக் குறைத்துவிடுவார்கள், உடம்பு களைப்பைக் கழிக்க.

கற்பது கேம்ப் இல்லாத மாதங்களில். முன்னாள் யுஎஃப்சி சாம்பியன் ஜார்ஜஸ் செயின்ட்-பியர் கராத்தேயிலிருந்து வந்தவர், சிறுவயதில் மல்யுத்தப் போட்டிப் பின்னணியே இல்லாதவர். மான்ட்ரியாலில் கனடாவின் முன்னணி மல்யுத்த வீரர்களோடு வருடக்கணக்கில் பழகி, பிறகு சிறுவயதிலிருந்தே மல்யுத்தம் செய்தவர்களையே கீழே தள்ளினார். அப்படிப் பழக மாதக்கணக்கில் தினமும் அவர்களிடம் கீழே விழுந்துகொண்டிருக்க வேண்டும்.

எல்லாருக்கும் அந்த அவகாசம் கிடைப்பதில்லை, காரணம் பணம். தொடக்க நிலை வீரருக்கு மாதச் சம்பளம் கிடையாது. கூண்டுக்குள் இறங்கினால் ஒரு தொகை, ஜெயித்தால் இன்னொரு தொகை, அதிலும் கோச்சுக்கும் மேனேஜருக்கும் பங்கு. வருடத்துக்கு இரண்டு மூன்று சண்டை கிடைத்தால் நல்ல வருடம். மயக்க அடி வாங்கியவரை அனுமதி வழங்கும் ஆணையம் வாரக்கணக்கில் மோதக்கூடாது என்று தடுத்துவைக்கும், அந்த நாட்களில் வரவு பூஜ்ஜியம். அதனால் பலர் காலையில் தங்கள் பயிற்சி, மாலையில் சிறுவர்களுக்கும் அலுவலகம் முடிந்து வருகிறவர்களுக்கும் வகுப்பு எடுப்பது என்று ஓட்டுகிறார்கள். முழங்கால் வலியோடு, முழுதாக ஆறாத கையோடு, குறுகிய அவகாசத்தில் வரும் சண்டையை ஒப்புக்கொள்கிறவர்களைப் பார்த்து "என்ன துணிச்சல்" என்று வியக்கிறோம். பல நேரம் அது அடுத்த மூன்று மாத வாடகை.